ஊறாத வாய்

முழு ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் முதலில் அதைக் கவனித்தேன். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டுவது எனக்கு இருபது வருடப் பழக்கம். அன்று விரல் நாக்கைத் தொட்டது, ஈரம் ஒட்டவில்லை. மறுபடி தொட்டேன். வெயிலில் கிடந்த தோல்செருப்பைத் தொட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்த தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மிச்சத் தாள்களைத் திருத்தி முடித்தேன். சித்திரை மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாதத்தில் யாருக்குத்தான் வாய் காயாது என்று விட்டுவிட்டேன்.

ஆடியில் கேரளப் பக்கமிருந்து சாரல் வந்தது. ஊரே நனைந்து கிடந்தது. என் வாய் மட்டும் சித்திரையிலேயே நின்றுவிட்டது.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அப்போது வயது நாற்பத்து மூன்று. கணவருக்கு ஊருக்கு மேற்கே திராட்சைத் தோட்டம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். கோயில் மணியை வைத்துத்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள், அடுப்பில் உலை வைப்பார்கள். என் அம்மாவும் அவருடைய தங்கையான என் சித்தியும் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். இருவருமே கணவனை இழந்தவர்கள்.

பேசுவதுதான் என் தொழில். செய்யுளை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பேன். அந்த வருடம் செய்யுளின் இரண்டாவது அடியிலேயே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பிய்த்து எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு மாதத்துக்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டார்கள். நான் வராந்தாவில் திரும்பும்போதே உள்ளே நாலைந்து 'டக்'குகள் கேட்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் அப்படித்தான். கோபப்பட வேண்டிய பெரியவர்கள் பிறகு வரிசையாக வந்தார்கள்.

சாப்பாடு ஒரு வேலையாக மாறியது. ஒரு வாய் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர். சப்பாத்தி தொண்டைக்கு மேலேயே நின்றுவிடும். ரஸ்க், பொரி, மிக்சர் எல்லாம் மணலை மென்றதுபோல. காரம் பட்டால் நாக்கு வெடித்த இடங்களில் எரியும். கணவர் முதல் காய்ப்பில் ஒரு கொத்து பன்னீர்த் திராட்சை கொண்டுவந்து கொடுப்பார். அதன் புளிப்பை நினைத்தாலே முன்பெல்லாம் வாயில் ஊறும். அந்த வருடம் ஒரு பழத்தை வாயில் போட்டேன். திராவகம் பட்டதுபோல் எரிந்து துப்பினேன். அவர் முகம் மாறிவிட்டது. "தோட்டத்துப் பழம் ஒனக்கு எளக்காரமாப் போச்சா?" என்று கேட்டார். எரியுது என்றேன். "திராட்ச எரியுமா? எந்த ஊர்லயாச்சும் திராட்ச எரியுமா?" என்றார்.

அடுத்து, காதுக்குக் கீழே இரண்டு கன்னமும் வீங்கியது. சித்தி பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, இது பொன்னுக்கு வீங்கி மாதிரில்ல இருக்கு. இந்த வயசுலயா வரும்?" என்று சொல்லி, தன் கழுத்தில் கிடந்த ஒற்றைவடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். தங்கம் பட்டால் வீக்கம் வற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சித்தி அப்படிப்பட்டவர்தான். பாசம் உள்ளவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

வீக்கம் தானாக வற்றியது, மறுபடியும் வந்தது. கணவர் என்னைப் பக்கத்து டவுனில் உள்ள டாக்டரிடம் கூட்டிப்போனார். எங்கள் ஊருக்கே அவர்தான் டாக்டர். என் மாணவர்கள் பலரின் காய்ச்சலைக் குணமாக்கியவர். இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீக டீச்சர்?"

"ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் சார்."

"அப்பறம் என்ன?"

"குடிச்ச அடுத்த நிமிசம் காஞ்சுபோகுது சார். கண்ணுலயும் மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. காலையில வெரலு மடக்க முடியல."

அவர் பேனாவை மூடினார். என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என் கணவரைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல ஏதும் பிரச்சனையா?"

"மக ஆஸ்டல்ல இருக்கா. அத நெனச்சுக்கிட்டே இருப்பா," என்றார் கணவர்.

"அதான். இந்த வயசுல பொம்பளைகளுக்கு இப்படி வர்றதுதான். ஒரு எடத்துல வலிங்காக, இன்னொரு எடத்துல எரியுதும்பாக. மனசு அமைதியாக ஒரு மாத்திர தாரேன். தினமும் சாப்பாட்டுக்கு அப்பறம் குடுங்க."

குடுங்க என்றார். சாப்பிடுங்க என்று என்னிடம் சொல்லவில்லை. வாயில்தான் நோய் என்று போயிருந்தேன். அவர் என்னை வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. டார்ச் விளக்கு அவர் மேசைமேல் இருந்தது. எடுத்து அடித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மாத்திரையைக் கணவர் ஒருநாள் தவறாமல் என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான். போட்டுக்கொண்ட வாரத்திலிருந்து வாய் இன்னும் மோசமாக உலர்ந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "பழகும் டீச்சர், விட்ராதீக," என்றார். விடவில்லை. ஒன்றரை வருடம்.

பற்கள் ஒவ்வொன்றாக ஈறோரத்தில் கறுத்தன. டவுன் பல் டாக்டர் நாலு பற்களைப் பிடுங்கினார். பிடுங்கும்போது, நான் பதில் சொல்ல முடியாதபடி வாயில் இரும்பு இருக்கும்போது, "பல்லு வெளக்குறதே இல்லையா டீச்சர்? நீங்களே இப்படி இருந்தா பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுப்பீக?" என்று கேட்டார். நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை பல் துலக்கினேன். வாய் நாறுமோ என்ற பயத்தில் பள்ளியிலும் ஒரு பிரஷ் வைத்திருந்தேன். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தபோது காத்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், அவர் சொன்னது அவர்களுக்கும் கேட்டிருந்தது தெரிந்தது.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் என் அம்மா இறந்துபோனார். காலையில் எழுந்து காப்பி குடித்தவர், தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார். பள்ளியிலிருந்து ஓடினேன். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. கண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. இமைக்குள் யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல் எரிந்தது, சிவந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. சித்தி என் தலையைத் தன் மடியில் சாய்த்து, "அழுதுரு ஆத்தா, உள்ள வச்சுக்காத, அழுதுரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரத்தில் சித்தியின் கை என் தலையைவிட்டு விலகியது.

மறுநாள் பிற்பகல் கோயிலில் அடக்கத் திருப்பலி. நற்கருணை வாங்க முதல் ஆளாகப் போனேன். அப்பம் என்பது கோதுமை மாவில் செய்த, காகிதம்போல் மெல்லிய ஒரு வட்டம். எங்களுக்கு அது ஆண்டவரின் உடல், அங்கேயே உட்கொள்ள வேண்டும். சிறுவயதிலிருந்து அது நாக்கில் பட்டதும் கரைந்துவிடும் என்றுதான் எனக்குத் தெரியும். அது தானாகக் கரைவதில்லை, எச்சில்தான் கரைக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வட்டம் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன், நாக்கும் ஒட்டியது. விழுங்கப் பார்த்தேன், தொண்டை அடைத்து இருமல் வந்தது. இருமி அது தரையில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்துபோனேன். தூணுக்குப் பக்கமாகத் திரும்பி, விரலால் அதை எடுத்து, முந்தானை நுனியில் வைத்து மடித்துக்கொண்டேன்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனேன். ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த அப்பத்தைப் போட்டு, அது கரையும்வரை காத்திருந்து, முழங்கால் போட்டுக் குடித்தேன். தம்ளரைக் கழுவிய தண்ணீரையும் குடித்தேன். இதை யாரும் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கம் நடந்ததைச் சித்தி பார்த்திருந்தார்.

பத்து நாளில் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. பள்ளியில் எனக்கு நெருக்கமான ஆசிரியை ஒருவர் மதிய இடைவேளையில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீக. நற்கருணைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனீகளாம். மலையாளத்துப் பக்கம் மந்திரம் பண்றவுகளுக்குக் குடுக்கன்னு பேசிக்கிறாக. அம்மா சாவுக்குக் கண்ணுல தண்ணி வரலன்னும் பேசிக்கிறாக. ரெண்டையும் சேத்து."

ரெண்டையும் சேத்து. என் அம்மாவின் சாவையும் என் வாயையும் சேர்த்து ஒரு கதை செய்துவிட்டார்கள். சித்தி ஓர் ஆளனுப்பித் தன் சங்கிலியைத் திருப்பிக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். கணவர் தேநீர்க் கடையில் காதில் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே, "என்னத்தடி செஞ்சு வச்சிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. "அந்த மாத்திரய ஒழுங்காப் போடு," என்றார்.

எங்கள் கோயில் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வேறு மாவட்டத்துக்காரர், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"நான் உங்கள நம்புறேன் டீச்சர்," என்றார்.

"நன்றி ஃபாதர்."

"ஆனா ஜனங்க பேசுறாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க நற்கருணை வாங்க வராம இருந்தா நல்லது. பேச்சு அடங்கட்டும்."

"நம்புறீங்க, ஆனா வர வேணாம்ங்குறீங்க."

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். ஏற்கனவே அடுக்கி இருந்த காகிதங்கள். வாய் காய்வதைச் சொன்னேன். "தண்ணி நிறைய குடிங்க," என்றார். அந்த வாசகத்தை யார் யாரோ என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிரித்துவிட்டேன். அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

அதற்குப்பிறகு கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடிக்கும்போது துணி துவைத்தேன்.

ஐந்தாவது பல் அவித்த நிலக்கடலையைக் கடித்தபோது ஒடிந்தது. டவுன் பல் டாக்டரிடம் திரும்பிப்போய் இன்னொரு தடவை அவமானப்பட மனம் இல்லை. தேனிக்குப் பஸ் ஏறினேன். தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் திட்டு வாங்கினால் வலி கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தப் பல் டாக்டர் ஒரு இளம்பெண். படித்து முடித்து இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும். காம்பு வைத்த அந்தச் சிறிய கண்ணாடியை என் கன்னத்தின் உள்பக்கம் வைத்து ஒதுக்கினார். எடுக்கும்போது அது ஒட்டிக்கொண்டது. இழுத்தார். சதையோடு சேர்ந்து வந்தது. மெதுவாகத் தண்ணீர் விட்டு விடுவித்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எவ்வளவு நாளாம்மா இப்படி இருக்கு?" என்றார்.

"மூணு வருசமாகப் போகுது."

"கண்ணு உறுத்துதா? மூட்டு வலிக்குதா? காதுக்குக் கீழ வீங்குதா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். நான் சொல்லாமலே அவர் கேட்டுக்கொண்டு போனார். இந்த நாலைந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்க ஒரு ஆள் கிடைக்க மூன்று வருடம், ஐந்து பல்.

"பல்லு வெளக்குறேன் டாக்டர். தினமும் மூணு தடவ வெளக்குறேன்," என்று சொன்னேன். அவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கவே இல்லை.

"தெரியுதும்மா. எச்சில் இல்லாட்டி எத்தன தடவ வெளக்குனாலும் பல்லு நிக்காது," என்றார். மதுரையில் மூட்டு நோய்களுக்கான மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மதுரைக்குக் கணவரும் வந்தார். முதலில் ஒரு நர்ஸ் என் கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை மாட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது காகிதத்தின் ஓரம் மட்டும் லேசாக நனைந்திருந்தது. பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். "தலையக் குனிஞ்சுக்கங்க. பதினஞ்சு நிமிசம் எதையும் முழுங்கக் கூடாது. வாயில ஊறுறத அப்படியே இதுல விடுங்க."

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கிண்ணத்தை உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். கணவர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எலுமிச்சம்பழத்தை நினைத்தேன். மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டதை நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. எச்சில் என்பதை ஒரு வசைச்சொல்லாகத்தான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். எச்சில் தட்டு, எச்சில் கை, எச்சில் பண்ணாதே. தமிழாசிரியையாக நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது இல்லாவிட்டால் உயிரெழுத்துகூட ஒழுங்காக வெளியே வராது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. கால் மணி நேரம் முடிந்தபோது கிண்ணத்தின் அடியில் ஒரு நுரைப்பொட்டு இருந்தது. கணவர் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூன்று வருடமாக நான் சொன்னதைக் கேட்டவர், அன்றைக்குத்தான் நம்பினார். ஒரு கிண்ணம் காலியாக இருந்ததால்.

கீழ் உதட்டின் உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி, எள்ளளவில் சில சுரப்பிகளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரத்தமும் பல குழாய்களில் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது மருத்துவர் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார். நடுவயதுக்காரர், நிதானமாகப் பேசினார். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, என் எச்சில் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கி அழித்துக்கொண்டிருக்கிறது என்றார். அந்த நோய்க்கு ஒரு வெளிநாட்டுப் பெயர். அதைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், பெரும்பாலும் என் வயதில்.

என் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டியவர் ஒன்றில் நின்றார். "இந்த மாத்திரை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

"ஒன்றரை வருசமா."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"வாய் காயுதுன்னு போனதுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது வாயைக் காயவைக்கிற மாத்திரை," என்றார். "இத ஒரேயடியா நிறுத்தக் கூடாது. எப்படிக் குறைக்கணும்னு எழுதித் தாரேன்." எழுதிக்கொண்டே, "ஏன் முன்னாடியே வரல? போன சுரப்பி திரும்பாது. இருக்கிறதத்தான் காப்பாத்த முடியும்," என்றார்.

"வந்தேன்," என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மூணு வருசமா நான் வந்துக்கிட்டேதான் இருக்கேன் சார். எல்லார்கிட்டயும் வந்தேன். வாய் காயுதுன்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? சொல்றதுக்கே வாயில ஈரம் இல்லாம சொன்னேன். நான் வரலன்னு சொல்லாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்பாக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க," என்றார். இந்தக் கதையில் என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மருத்துவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது கணவர் அழுதார். தினமும் தன் கையால் அந்த மாத்திரையைக் கொடுத்ததை நினைத்து அழுதார். கன்னம் முழுக்க ஈரம். துண்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துத் தேற்றியிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவுக்காக எனக்கு வராதது, அவருடைய வருத்தத்துக்கு அவருக்குத் தாராளமாக வந்தது. "தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வாரம், அந்த மாத்திரையைக் கொடுத்த டவுன் டாக்டரிடம் போனேன். தனியாகப் போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்தபோது உள்ளே போய் மதுரைத் தாள்களை மேசையில் வைத்தேன். படித்தார்.

"அரிதான நோய் டீச்சர். இங்கன இதையெல்லாம் யாரு எதிர்பாப்பாக?"

"அரிதுன்னே வச்சுக்குவோம். வாயத் தொறன்னு சொல்லி ஒரு தடவ பாத்தீகளா சார்?"

"நீங்க கவலையா இருந்தீக..."

"எனக்குக் கவலையான்னு எங்கிட்ட நீங்க கேக்கல. எங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டீக. காயுற வாயிக்குக் காயவைக்கிற மாத்திர குடுத்தீக. இன்னும் காயுதுன்னு வந்து சொன்னப்ப, விட்ராதீகன்னீக."

அவர் மணியை அழுத்தினார், அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி. நான் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்த கம்பவுண்டர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். மேசைமேல் இருந்த டார்ச்சை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். "இப்பப் பாருங்க," என்றேன். வாயைத் திறந்தேன். அவர் வாங்கவில்லை. ஆனால் பார்த்தார். பார்க்காமல் இருக்க வழி இல்லை. கம்பவுண்டரும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது மூன்று வேளையும் எச்சிலைச் சுரக்கவைக்கும் ஒரு மாத்திரை. போட்ட அரை மணி நேரத்தில் வாயில் கொஞ்சம் ஈரம் வருகிறது, அதைவிட அதிகமாக வியர்வை வருகிறது. ரவிக்கை நனைந்துவிடும், முந்தானையால் மூடிக்கொண்டு வகுப்பெடுப்பேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து. நோயை அடக்க இன்னொரு மாத்திரை. பள்ளியில் தலைமையாசிரியை முதலில் வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்றார். மதுரைச் சான்றிதழைக் கொடுத்தேன். இப்போது என் மேசையில் பாட்டில் இருக்கிறது. இன்னும் இரண்டு பல் போய்விட்டன, மிச்சம் நிற்கின்றன. மூட்டு வலி குறைந்திருக்கிறது. 'டக்' சத்தம் முழுதாகப் போகவில்லை.

ஊரில் நோயின் செய்தி பரவியதும் பங்குத்தந்தையே வீட்டுக்கு வந்தார். இனி நற்கருணை வாங்க வரலாம், சின்னத் துண்டாகத் தருகிறேன், பிறகு பலிபீடத்துக்குப் பக்கவாட்டில் வந்து யாருக்கும் தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்றார். தெரிந்தே குடிக்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வாங்கி, அங்கேயே நின்று தண்ணீர் குடித்து விழுங்கினேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

சில வாரம் கழித்து, பெண்கள் சபைக் கூட்டத்தில் என்னைச் சாட்சியம் சொல்லச் சொன்னார் பங்குத்தந்தை. இந்தச் சோதனையில் ஆண்டவர் எனக்குப் பலம் கொடுத்ததைப் பற்றிப் பேசினால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்குமாம். ஒப்புக்கொண்டேன். கோயில் பக்கத்து மண்டபத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சித்தி.

பலத்தைப் பற்றி நான் பேசவில்லை. எச்சிலைப் பற்றிப் பேசினேன். அது எதற்கு வேண்டும், இல்லாவிட்டால் என்ன ஆகும், கண்ணும் வாயும் சேர்ந்து காய்ந்தால் எங்கே போக வேண்டும் என்று சொன்னேன். பிறகு அப்பம் அண்ணத்தில் ஒட்டியதைச் சொன்னேன். தம்ளரில் கரைத்துக் குடித்ததைச் சொன்னேன். "எங்கம்மா சாவுக்கு நான் அழுதேன். கண்ணீர் சுரக்கிற எடம் செத்துப்போச்சு. இங்கன இருக்கிற சில பேரு அத வச்சு என்னெல்லாம் பேசுனீகன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

சித்தி எழுந்தார். "நான் என்னத்தப் பண்ணேன்? கண்டதத்தான சொன்னேன்?"

"கண்டீக சித்தி. எங்கிட்ட கேக்கல. பொன்னுக்கு வீங்கிக்குச் சங்கிலியக் கழட்டிப் போட்டவுக, ஏண்டி இப்படிப் பண்ணுனன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார். கூடவே நாலைந்து பேர் போனார்கள். பங்குத்தந்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி இன்றுவரை என்னிடம் பேசவில்லை. வழியில் பார்த்தால் சந்தில் திரும்பிவிடுகிறார். அவர் வந்து பேசினால் நானும் பேசுவேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு, திராட்சைத் தோட்டங்களில் கொடிகளைக் கவாத்து வெட்டப்போகும் ஒரு பெண் என்னிடம் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஓரமாகக் கூட்டிப்போய், "டீச்சர், எனக்கும் வாயி இப்படித்தான் காயுது. ரெண்டு மாசமாச்சு. வீட்டுக்காரர்ட்ட சொன்னா, சும்மா தண்ணியக் குடிடிங்காக," என்று நாக்கை நீட்டிக் காட்டினார். நடுவில் வெடித்திருந்தது.

மறுநாளே பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவரைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்கு வந்த நோயே இவருக்கும் வந்துவிட்டதோ என்ற பயம். இரத்தம் பார்த்தார்கள். அவருக்குச் சர்க்கரை, ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சாப்பாட்டு முறை சொன்னார்கள். ஒரு மாதத்தில் வாய் ஈரமாகிவிட்டது என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று தேனி பஸ் நிலையத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வடையைத் தின்றுகொண்டிருந்தபோது, நான் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கி இறுக்கித் திருகிக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பினோம். மதியத்துக்குள் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. ஒரு ஆள் கூட வந்து, அவர் சொல்வது உண்மை என்று நம்பினால் போதுமாக இருந்தது.

"என்ன டீச்சர், கோவமா இருக்கீக?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன். "ஒங்க மேல இல்ல."